லேத்தைச் செய்த லேத்: காயலான் கடையிலிருந்து ஒரு பட்டறை

லேத் செய்ய லேத் வேண்டும். பட்டறைக்காரர் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார். லேத்தின் சுழலும் தண்டை இன்னொரு லேத்தில்தான் கடைய வேண்டும். கட்டிங் டூலை நேராக நகர்த்துகிற நீளத் திருகை வேறொரு லேத்தில்தான் வெட்ட வேண்டும். அதன் அடித்தளமான பெட்டைச் சமமாகச் சீவ வேறொரு பெரிய மெஷின் வேண்டும். அப்படியென்றால் முதல் லேத்தை யார் செய்தது? எதை வைத்துச் செய்தார்?

என்னைப்போல மென்பொருள் எழுதிப் பிழைப்பவர்களுக்கு இந்தக் கேள்வி புதிதில்லை. சி மொழியின் கம்பைலரே சி மொழியில்தான் எழுதப்பட்டது. அப்போ முதல் கம்பைலரை எது கம்பைல் செய்தது? வேறு ஒரு எளிய கருவியால் ஒரு சின்ன, அரைகுறை கம்பைலரை எழுதுவார்கள். அதை வைத்து அதைவிடக் கொஞ்சம் நல்லதை. பிறகு அந்த நல்லதை வைத்து அதையே மறுபடி. இதற்கு பூட்ஸ்ட்ராப்பிங் என்று பெயர். இரும்பிலும் இதுதான் நடந்திருக்கிறது. இரும்பில் நடந்ததற்குச் சுமார் 200 வருடச் சரித்திரம் இருக்கிறது. அதன் கடைசி அத்தியாயம் அமெரிக்காவில் ஒரு மனிதர் பழைய பிஸ்டன்களைக் கரி அடுப்பில் உருக்கியதில் வந்து நிற்கிறது. அந்தச் சரித்திரத்தைத்தான் இங்கே எழுதப்போகிறேன்.

முதல் திருகு

ஹென்றி மாட்ஸ்லி 1771இல் லண்டனுக்குப் பக்கத்தில் உள்ள வூல்விச்சில் பிறந்தார். 12 வயதில் அங்கிருந்த ஆயுதச் சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். 18 வயதில் பூட்டு செய்வதில் பேர்போன ஜோசப் பிராமாவின் பட்டறைக்குப் போனார். பிராமாவின் பூட்டு அற்புதமானது. ஆனால் ஒவ்வொரு பூட்டையும் அரம் பிடித்துக் கையால் செய்தால் கட்டுப்படியாகாது. பூட்டின் பாகங்களைச் செய்கிற மெஷின்களைச் செய்து கொடுத்தவர் மாட்ஸ்லி. வாரம் 30 ஷில்லிங் சம்பளம். கூட்டிக் கேட்டார், பிராமா மறுத்தார். 1797இல் வெளியே வந்து சொந்தப் பட்டறை போட்டார். தொழில் சரித்திரத்தில் இவ்வளவு விலை உயர்ந்த சம்பள மறுப்பு வேறு இருக்குமா என்று தெரியவில்லை.

அடுத்த சில வருடங்களில் அவர் செய்ததுதான் இன்றைய லேத்களின் முன்னோடியான திருகு வெட்டும் லேத். ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: அதில் இருந்த எதுவும் அவர் ‘கண்டுபிடித்தது’ இல்லை. டூலைப் பிடித்து நகர்த்தும் ஸ்லைடு ரெஸ்ட் அவருக்கு முன்பே இருந்தது. திருகு வெட்டும் மெஷினை லியனார்டோ டா வின்சி வரைந்து பார்த்திருக்கிறார். ஜெஸ்ஸி ராம்ஸ்டன் 1770களில் லண்டனிலேயே நுட்பமான திருகுகளை வெட்டியிருக்கிறார். மாட்ஸ்லி செய்தது மூன்றைச் சேர்த்தது: கனமான, வளையாத இரும்பு உடம்பு, டூலை இழுத்துச் செல்லும் லீட் ஸ்க்ரூ, இரண்டின் வேகத்தையும் பிணைக்கும் மாற்றுப் பல்சக்கரங்கள். பல்சக்கரத்தை மாற்றினால் போதும், ஒரே லீட் ஸ்க்ரூவை வைத்துப் பல அளவுப் புரிகளை வெட்டலாம்.

ஆனால் ஆரம்பக் கேள்வி அப்படியே நிற்கிறது. அந்த லீட் ஸ்க்ரூ எங்கிருந்து வந்தது? மாட்ஸ்லி ஒரு சின்ன மெஷின் செய்தார். மரம், தகரம், பித்தளை மாதிரி மிருதுவான உருளை ஒன்று சுழலும். அதன் மேல் ஒரு கத்தி, வேண்டிய கோணத்தில் சாய்த்து வைத்து, பதியும். கத்தி சாய்ந்திருப்பதால் அதுவே உருளையைச் சுற்றி நெளிந்துகொண்டு பக்கவாட்டில் நகரும். ஒரு புரி கிடைக்கும். திருகே இல்லாமல் திருகு! அது துல்லியமாக இருக்காது. பலவற்றைச் செய்து, இருப்பதில் நல்லதைப் பொறுக்கி, அதை வைத்து அடுத்ததை வெட்டி, பிழையைத் திருத்தி, மறுபடி வெட்டி... பின்னாளில் அவர் பட்டறையில் 5 அடி நீளம், 2 அங்குல விட்டத்தில், அங்குலத்துக்கு 50 புரி உள்ள ஒரு திருகு செய்யப்பட்டது. அதில் ஓடிய மரையின் நீளம் மட்டும் 12 அங்குலம். அதாவது ஒரே சமயத்தில் 600 புரிகள் கவ்வும். ஏன் அவ்வளவு நீளமான மரை? ஒரு புரியில் இருக்கும் சின்னப் பிழையை மற்ற 599 புரிகள் சராசரியாக்கி அமுக்கிவிடும்.

ஒரு மோசமான கருவி, தன்னைவிட நல்ல கருவியைப் பெற்றெடுக்க முடியும். இந்தக் கதையின் மையமே இதுதான். நம் பொதுப்புத்தி இதை ஒப்புக்கொள்ளாது. நகலின் நகல் மங்கிக்கொண்டே போகும் என்றுதானே நினைக்கிறோம்? ஜெராக்ஸில் அப்படித்தான் நடக்கும். பட்டறையில் நடுவில் ஒரு மனிதர் நின்று பிழையைப் பார்த்துத் திருத்துகிறார். அதனால் திசை தலைகீழாகிறது.

மூன்று தட்டுகள்

திருகு கிடைத்துவிட்டது. அடுத்தது சமதளம். லேத்தின் பெட் சமமாக இல்லாவிட்டால் அதில் கடைவதெல்லாம் கோணல்தான். சமமான ஒரு தளத்தை, ஒப்பிட்டுப் பார்க்க வேறு சமதளமே இல்லாத உலகத்தில், எப்படி உண்டாக்குவது?

மாட்ஸ்லியிடம் வேலை பார்த்தவர்களில் ஒருவர் ஜோசப் விட்வொர்த். 1840இல் கிளாஸ்கோவில் கூடிய பிரிட்டிஷ் அறிவியல் சங்கக் கூட்டத்தில் அவர் இதைப்பற்றி ஒரு கட்டுரை வாசித்தார். முறை இதுதான். இரும்புத் தட்டுகள் மூன்று எடுத்துக்கொள்ளுங்கள்: அ, ஆ, இ. ‘அ’வில் மெல்லிசாக மை தடவி அதன்மேல் ‘ஆ’வை வைத்துத் தேயுங்கள். மேடாக இருக்கும் இடங்களில் மட்டும் மை ஒட்டும். அந்த மேடுகளைக் கூரான சுரண்டியால் சுரண்டி எடுங்கள். இரண்டும் முழுக்க ஒட்டும்வரை இதையே செய்யுங்கள்.

இரண்டும் ஒட்டிவிட்டால் சமமாகிவிட்டது என்று அர்த்தமா? இல்லை. ‘அ’ நடுவில் மேடாகவும் ‘ஆ’ நடுவில் குழியாகவும் இருந்தால்கூட இரண்டும் கச்சிதமாக ஒட்டும். கிண்ணத்துக்குள் கிண்ணம் மாதிரி. இங்கேதான் மூன்றாவது தட்டு வருகிறது. ‘இ’யையும் ‘அ’வோடு ஒட்டவையுங்கள். இப்போது ‘ஆ’, ‘இ’ இரண்டுமே குழி. இந்த இரண்டையும் ஒன்றோடொன்று வைத்தால் ஓரம் மட்டும் தொடும், நடுவில் இடைவெளி இருக்கும். பொய் அம்பலமாகிவிடும். அதைச் சுரண்டித் திருத்தி, மறுபடி ‘அ’வுக்கு வந்து, சுற்றிச் சுற்றிச் செய்துகொண்டே போனால், மூன்றும் மூன்றோடும் ஒட்டுகிற ஒரே நிலை மூன்றும் சமமாக இருப்பதுதான். தட்டுகளைத் திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்தால் முறுக்கலும் தெரிந்துவிடும்.

இதில் எங்கேயும் அளவுகோல் இல்லை. லேசர் இல்லை. மை, சுரண்டி, பொறுமை, அவ்வளவுதான். இரண்டு பேர் சேர்ந்து ஒரே பொய்யைச் சொல்ல முடியும். மூன்று பேரை ஜோடி ஜோடியாக விசாரித்தால் பொய் நிற்காது என்கிற மாதிரி ஒரு தர்க்கம். எனக்குத் தெரிந்து ஒன்றுமில்லாததிலிருந்து துல்லியத்தை உண்டாக்குகிற இதைவிட அழகான வழி வேறில்லை. வீட்டுப் பட்டறையில் லேத் கட்டுகிறவர்கள் இன்றைக்கும் செய்கிற சுரண்டும் வேலை இதன் வாரிசுதான்.

பூட்டி வைக்கப்பட்ட மெஷின்கள்

‘சரி, சுவாரசியமான தொழில்நுட்பக் கதை. ஆனால் இதில் என்ன பெரிய விஷயம்?’ என்று கேட்கலாம். அரசாங்கங்கள் இதை எப்படிப் பார்த்தன என்று பார்த்தால் புரியும்.

18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து பிரிட்டன் தன் மெஷின்கள் வெளிநாடு போகாமல் தடுக்கச் சட்டங்கள் போட்டது. நெசவு மெஷின்களில் ஆரம்பித்து மற்றவற்றுக்கும் தடை நீண்டது. மெஷின் மட்டுமில்லை, மெஷின் தெரிந்த மனிதர்களும் போகக் கூடாது. கைவினைஞர்கள் குடிபெயரத் தடை 1824 வரை இருந்தது. மெஷின் ஏற்றுமதித் தடை 1843இல்தான் முழுதாக விலகியது. துணியை உலகத்துக்கே விற்கலாம், தறியை விற்கக் கூடாது. நோக்கம் வெளிப்படையானது.

தடை முழுதாகப் பலிக்கவில்லை என்பது வேறு விஷயம். ஆர்க்ரைட் முறை நூற்பாலையில் பயிற்சி பெற்ற சாமுவேல் ஸ்லேட்டர் 1789இல் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். கையில் வரைபடம் இல்லை, எல்லாம் மண்டைக்குள். ரோட் ஐலண்டில் அந்த மெஷின்களை நினைவிலிருந்து திரும்பக் கட்டினார். அமெரிக்காவில் அவருக்கு இன்றும் தொழில்துறையின் தந்தை என்று பெயர். பிரிட்டனில் சிலர் துரோகி என்பார்கள்.

இது பழைய கதை என்று நினைக்க வேண்டாம். 1980களில் ஜப்பானின் தோஷிபா மெஷின் நிறுவனமும் நார்வேயின் கோங்ஸ்பெர்க் நிறுவனமும் சோவியத் யூனியனுக்கு மில்லிங் மெஷின்களையும் அவற்றுக்கான கட்டுப்பாட்டுக் கருவிகளையும் விற்றது 1987இல் வெளியே வந்தபோது அமெரிக்காவில் பெரிய ரகளையே நடந்தது. நீர்மூழ்கிக் கப்பலின் புரொப்பெல்லரைச் சத்தமில்லாமல் சுழலும்படி செய்ய அந்த மெஷின்கள் உதவும் என்பது குற்றச்சாட்டு. இன்றைக்கும் உயர்ரக மெஷின் டூல்கள் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுப் பட்டியல்களில் ஆயுதங்களுக்குப் பக்கத்தில் இருக்கின்றன. பொருளைச் செய்யும் கருவியைவிட, கருவியைச் செய்யும் கருவி யார் கையில் என்பதுதான் எப்போதும் கேள்வி.

இந்தப் பின்னணியில் வைத்துப் பார்த்தால்தான், தனி மனிதன் ஒருவன் குப்பையிலிருந்து லேத் செய்ய முடியும் என்று சொன்னவரின் முக்கியத்துவம் தெரியும்.

மிசௌரியிலிருந்து ஏழு புத்தகங்கள்

டேவிட் ஜிஞ்சரி (1932–2004) அமெரிக்காவின் மிசௌரி மாநிலம் ஸ்பிரிங்ஃபீல்டைச் சேர்ந்தவர். எல்லோருக்கும் டேவ் ஜிஞ்சரி. 1980களின் தொடக்கத்தில், ‘பழைய உலோகத்திலிருந்து உங்கள் சொந்தப் பட்டறையைக் கட்டுங்கள்’ என்ற பொருள்படும் தலைப்பில் ஏழு சின்னப் புத்தகங்களின் வரிசையை எழுதினார். வரிசையைக் கவனியுங்கள்: 1. கரி உலை. 2. லேத். 3. ஷேப்பர். 4. மில்லிங் மெஷின். 5. ட்ரில் பிரஸ். 6. இண்டெக்ஸிங் தலையும் மற்ற துணைக் கருவிகளும். 7. தகடு மடிக்கும் மெஷின்.

முதலில் லேத் இல்லை, உலை! நம்மில் யாராவது திட்டம் போட்டிருந்தால் லேத்தில்தான் ஆரம்பித்திருப்போம். ஜிஞ்சரியின் கணக்கு வேறு: உருக்கி வார்க்கத் தெரிந்தால் எந்த வடிவமும் உங்கள் கையில். உலையை வைத்து லேத்தின் பாகங்களை வார்க்கலாம். லேத் வந்ததும் ஷேப்பரின் பாகங்களை வார்த்து லேத்தில் கடையலாம். லேத்தும் ஷேப்பரும் சேர்ந்து மில்லிங் மெஷினைச் செய்யும். ஒவ்வொரு புத்தகத்துக்கும் முந்தைய புத்தகம்தான் டிபெண்டென்சி. நான் பார்த்த சாஃப்ட்வேர் திட்ட வரைபடங்களில் பாதி இவ்வளவு தெளிவாக இருந்ததில்லை.

உலை என்றால் பிரம்மாண்டமாக ஏதும் இல்லை. 5 காலன் இரும்பு வாளி. உள்பக்கம் தீக்களிமண்ணும் மணலும் கலந்த பூச்சு. அடியில் ஒரு குழாய், அதன் வழியே காற்றடிக்க ஒரு சின்ன மின்விசிறி, அதாவது நவீனத் துருத்தி. எரிபொருள் மரக்கரி. மூசைக்கு ஒரு இரும்புப் பாத்திரம். அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் உருகும். காற்றடித்த கரி அதைத் தாராளமாகத் தாண்டும். வார்ப்பிரும்புக்கு 1,150க்கு மேல் வேண்டும். அதனால்தான் ஜிஞ்சரியின் பட்டறை பெரும்பாலும் அலுமினியத்தால் ஆனது.

அலுமினியம் எங்கே கிடைக்கும்? பழைய பிஸ்டன், கியர் பாக்ஸ் உறை, சிலிண்டர் ஹெட். நம்மூர் ஆள் என்றால் சென்னை புதுப்பேட்டைப் பக்கம் ஒரு நடை போனால் போதும். குளிர்பான டின்களை உருக்கலாமே என்று பலர் கேட்பார்கள். கூடாது. டின் தகடு மிக மெல்லிசு. பரப்பு அதிகம் என்பதால் பெரும்பகுதி ஆக்ஸைடாகிக் கசடாகப் போய்விடும். தவிர, அது தகடாக உருட்டுவதற்கான கலவை, வார்ப்பதற்கானது இல்லை. பிஸ்டனில் சிலிக்கான் கலந்திருக்கும்; அச்சுக்குள் தண்ணீர் மாதிரி ஓடி மூலைமுடுக்கெல்லாம் நிரப்பும். வார்ப்பில் பிறந்த குப்பையே மறுபடி வார்ப்புக்கு உகந்தது. இதுதான் காயலான் கடையில் பொறுக்குவதன் முதல் விதி.

அச்சு, நம் பொறியியல் கல்லூரி ஒர்க்‌ஷாப்பில் முதல் வருடம் எல்லோரும் செய்த அதே பச்சை மணல் அச்சுதான். மணல், களிமண், கொஞ்சம் ஈரம். கையில் பிடித்து உடைத்தால் சுத்தமாக இரண்டாக உடைய வேண்டும். மரத்தில் பேட்டர்ன் செய்து மணலில் பதித்து எடுக்க வேண்டும். பேட்டர்ன் மணலைக் கலைக்காமல் வெளியே வர பக்கங்களில் லேசான சரிவு வேண்டும். அலுமினியம் ஆறும்போது ஏறக்குறைய 1.3 சதவீதம் சுருங்கும், அதாவது ஒரு அடிக்குக் கிட்டத்தட்ட 4 மில்லிமீட்டர். அவ்வளவு பெரிதாகப் பேட்டர்னைச் செய்ய வேண்டும்.

இதைப் படித்துவிட்டு மொட்டை மாடியில் கிளம்பிவிடுகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. உருகிய உலோகத்துக்கு எதிரி ஈரம். தண்ணீர் ஆவியானால் ஏறக்குறைய 1,600 மடங்கு விரியும். ஒரு சொட்டு தண்ணீர் மூசைக்குள் அடியில் மாட்டினால் உருகிய அலுமினியம் ஆள்மேல் தெறிக்கும். கான்கிரீட் தரையில் சிந்தினாலும் இதே கதைதான், கான்கிரீட்டுக்குள் ஈரம் இருக்கிறது. தரையில் உலர்ந்த மணல் பரப்பாமல் ஊற்றவே கூடாது. துத்தநாகம் பூசிய இரும்பை நெருப்பில் வைத்தால் வரும் புகை காய்ச்சலை உண்டாக்கும். அலுமினியம் என்று நினைத்துப் பொறுக்கியது மெக்னீசியமாக இருந்து தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றி அணைக்க முடியாது; ஊற்றினால் இன்னும் சீறும்.

பாதியில் வேலைக்குப் போகும் லேத்

ஜிஞ்சரியின் லேத் சின்னதுதான். 7 அங்குல விட்டம்வரை சுழற்றலாம், 12 அங்குல நீளம் பிடிக்கும். பெட் அலுமினிய வார்ப்பு. அதன்மேல் தடம் போல் ஓடுவது கடையில் வாங்கும் பட்டை இரும்பு, கோல்டு ரோல்டு ஸ்டீல். தொடுகிற பரப்புகளை மை தடவி, கையால் சுரண்டிப் பொருத்த வேண்டும். விட்வொர்த்தின் சுரண்டி இங்கே மிசௌரியில் வந்து நிற்கிறது.

இதில் என்னை ரொம்பவும் கவர்ந்தது ஒன்று: இந்த லேத் முழுதாக முடிவதற்கு முன்பே வேலை செய்யத் தொடங்கிவிடும். பெட்டும் நகரும் மேடையும் தயாரானதும், மீதிப் பாகங்களைச் செய்ய அவற்றையே பயன்படுத்த வேண்டும். பாதி கட்டிய வீட்டில் சமையல் ஆரம்பித்து, அந்தச் சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு மீதி வீட்டைக் கட்டுவது மாதிரி. முதல் கம்பைலர் தன்னைத்தானே கம்பைல் செய்துகொள்கிற அந்தத் தருணம் இரும்பில் நடக்கிறது.

ஜிஞ்சரி ஆகாயத்திலிருந்து குதித்தவர் இல்லை. பிரிட்டனில் 1898இலிருந்தே ‘மாடல் இன்ஜினியர்’ பத்திரிகை வீட்டுப் பட்டறைக்காரர்களுக்காக வந்துகொண்டிருந்தது. அமெரிக்காவிலும் ஜனரஞ்சகத் தொழில்நுட்பப் பத்திரிகைகள் வீட்டிலேயே லேத் செய்யும் வழிகளை வெளியிட்டன. ஜிஞ்சரி கூட்டியது முழுமை: மின் ட்ரில்லும் கைக்கருவிகளும் உள்ள யாரும், முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை, இடையில் ‘இந்தப் பாகத்தை வெளியே கொடுத்துக் கடைந்து வாங்கிக்கொள்ளுங்கள்’ என்ற வரி இல்லாமல் போக முடியும் என்பது.

குப்பை என்பது கடன் வாங்கிய துல்லியம்

இங்கே ஒரு நேர்மையான கேள்வி கேட்க வேண்டும். ஜிஞ்சரி உண்மையிலேயே பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கினாரா?

இல்லை. பட்டை இரும்பு ஒரு பெரிய ஆலையின் உருளைகளுக்கு நடுவே நசுங்கிச் சீராக வந்தது. ட்ரில் பிட், டேப், போல்ட் எல்லாம் கடைச் சரக்கு. விட்வொர்த் 1841இல் முன்வைத்த திருகுத் தரத்திலிருந்து வளர்ந்து வந்த தரப்படுத்தல் இல்லாவிட்டால், எந்த போல்ட்டும் எந்த மரைக்கும் பொருந்தாது. வீட்டுப் பட்டறைக்காரர்கள் சமதளத்துக்குத் தடித்த கண்ணாடியை வைத்துக்கொள்வார்கள். உருகிய தகரத்தின்மேல் உருகிய கண்ணாடியை மிதக்கவிட்டுச் சமமாக்கும் பில்கிங்டன் முறை 1959இல் அறிவிக்கப்பட்ட பிறகுதான், அவ்வளவு சமமான கண்ணாடி அவ்வளவு மலிவாகக் கிடைத்தது. மாட்ஸ்லி பார்த்திருந்தால் கண் கலங்கியிருப்பார்.

பழைய பொருள் என்றால் மலிவான உலோகம் என்று மட்டும்தான் நாம் நினைக்கிறோம். உலோகத்தைவிட மதிப்பான ஒன்று அதில் உறைந்து கிடக்கிறது. அது துல்லியம். இதை மிகத் தெளிவாகப் புரிந்துகொண்டவர் டெக்சாஸைச் சேர்ந்த பாட் டெலனி. அவர் முன்வைத்த ‘மல்டிமெஷின்’ என்ற திட்டத்தில் உடம்பே பழைய கார் இன்ஜின் பிளாக்தான். யோசித்துப் பாருங்கள்: இன்ஜின் பிளாக்கின் சிலிண்டர் துளைகள் ஒன்றுக்கொன்று இணையாக இருக்கும். மேல்தளத்துக்குச் சரியாகச் செங்குத்தாக இருக்கும். அந்த வேலையை ஏதோ ஒரு கார் தொழிற்சாலை, கோடிக்கணக்கில் விலையுள்ள மெஷின்களை வைத்து, ஏற்கெனவே செய்து முடித்துவிட்டது. கார் செத்தாலும் அந்தத் துல்லியம் சாகவில்லை. சிலிண்டருக்குள் லேத்தின் சுழலும் தண்டைப் பொருத்தினால், இணையும் செங்குத்தும் இலவசம். எடைக்குப் போடுகிற விலையில்!

டெலனி இன்னொரு பழைய யோசனையையும் தூசு தட்டினார். முதல் உலகப் போரில் குண்டுகளைக் கடைய அவசரமாக லேத்கள் தேவைப்பட்டபோது, லூசியன் யோமன்ஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர் பெட்டைக் கான்கிரீட்டில் வார்த்தார். லேத்துக்கு எடை வேண்டும், அதிராத உடம்பு வேண்டும். அது கான்கிரீட்டாகவே இருக்கட்டும். துல்லியம் வேண்டிய சில இடங்களில் மட்டும் உலோகத்தை வைத்துச் சரியாகப் பொருத்தினால் போதும். எடை ஓரிடத்திலிருந்து, துல்லியம் வேறோர் இடத்திலிருந்து. இரண்டும் ஒரே விலையுயர்ந்த வார்ப்பில் வர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

இதே கேள்வியை 2005இல் இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் ஏட்ரியன் போயர் வேறு மாதிரி எடுத்தார். தன் பாகங்களைத் தானே அச்சிடும் முப்பரிமாணப் பிரின்டர்: ரெப்ராப். 2008இல் முதல் ‘குழந்தை’ பிறந்தது. ஆனால் அது அச்சிட்டது பிளாஸ்டிக் பாகங்களைத்தான். நேரான இரும்புக் கம்பிகளும் மோட்டார்களும் மின்னணுப் பலகைகளும் வெளியிலிருந்தே வந்தன. மறுபடி கடன் வாங்கிய துல்லியம்.

கடனே வாங்காமல் ஆரம்பித்தால் என்ன ஆகும்? லண்டன் ராயல் கலைக் கல்லூரி மாணவர் தாமஸ் த்வைட்ஸ் 2009 வாக்கில் பார்த்தார். ரொட்டி சுடும் ஒரு டோஸ்டரைத் தாதுவிலிருந்து தானே செய்வது என்று முடிவெடுத்தார். கடையில் அதன் விலை 4 பவுண்டுக்கும் குறைவு. சுரங்கங்களுக்குப் போனார், இரும்புத் தாதுவை மைக்ரோவேவ் அடுப்பில் வைத்து உருக்கிப் பார்த்தார். 1,000 பவுண்டுக்கு மேல் செலவு. வந்த டோஸ்டர் மின்சாரத்தில் சொருகியதும் சில நொடிகளில் உயிரை விட்டது. த்வைட்ஸ் தாதுவில் தொடங்கினார், ஜிஞ்சரி பிஸ்டனில் தொடங்கினார். இரண்டுக்கும் உள்ள தூரம்தான் மொத்தத் தொழில் நாகரிகமும்.

அப்போ இது வெறும் பொழுதுபோக்கா?

காசுக் கணக்குப் பார்த்தால் ஜிஞ்சரி முறை தோற்றுவிட்டது என்றே சொல்ல வேண்டும். சீனாவிலிருந்து மலிவான சின்ன லேத்கள் வர ஆரம்பித்ததும், மாதக்கணக்கில் வார்த்துச் சுரண்டுவதற்கான நியாயம் போய்விட்டது. ஜிஞ்சரியின் புத்தகங்களையும் நூற்றுக்கணக்கான பழைய பட்டறை நூல்களின் மறுபதிப்புகளையும் தபாலில் விற்றுவந்த இல்லினாய் மாநிலத்து லிண்ட்சே பதிப்பகமும் 2013இல் கடையை மூடியது.

கானா நாட்டின் குமாசியில் உள்ள சுவாமே மேகசின் இன்னொரு பாடம் சொல்கிறது. பழைய வண்டிகளைப் பிரித்து மேய்கிற ஆயிரக்கணக்கான பட்டறைகள் கொண்ட இடம் அது. அலுமினிய இன்ஜின் பாகங்களை உருக்கிப் பாத்திரம் வார்ப்பது அங்கே சர்வ சாதாரணம். அதாவது ஜிஞ்சரியின் முதல் புத்தகம் அவர்களுக்குத் தேவையே இல்லை. ஆனால் 1980இல் அங்கே ஒரு தொழில்நுட்பப் பரிமாற்ற மையத்தை அமைத்த குமாசிப் பல்கலைக்கழகத்தார், குப்பையிலிருந்து லேத் செய்யச் சொல்லிக்கொடுக்கவில்லை. வெளிநாடுகளில் கழித்துப் போட்ட நல்ல பழைய லேத்களைக் கொண்டுவந்து கைவினைஞர்கள் கையில் சேர்த்தார்கள். பிழைப்புக்காகத் தொழில் செய்பவருக்கு அதுதான் சரியான வழி. பழைய லேத்தும் குப்பைதான். அதில் உறைந்திருக்கும் துல்லியம் அதிகம், அவ்வளவே.

ஆக, ஜிஞ்சரியின் லேத்தை வைத்துத் தொழிற்சாலை நடத்த முடியாது, நீர்மூழ்கிக் கப்பலுக்கு புரொப்பெல்லர் செய்ய முடியாது. அப்படியானால் அதன் இடம் என்ன? என் வாசிப்பில், அது ஒரு நிரூபணம். பிரிட்டிஷ் பாராளுமன்றம் 70 வருடம் சட்டம் போட்டுப் பூட்டி வைக்கப் பார்த்த ஒன்றை, ஒரு வாளி, கொஞ்சம் கரி, சில பிஸ்டன், ஒரு சுரண்டி, ஏழு மெல்லிய புத்தகங்கள் வைத்து ஒரு வீட்டுக் கொல்லையில் திரும்ப உண்டாக்கலாம் என்ற நிரூபணம். ஸ்லேட்டர் மண்டைக்குள் கொண்டுபோனதை ஜிஞ்சரி எல்லோருக்கும் எழுதிக் கொடுத்தார்.

எழுதி வைத்தால் மட்டும் போதாது என்பதும் உண்மை. மை படிந்த மேட்டில் எவ்வளவு அழுத்திச் சுரண்ட வேண்டும் என்பதைக் கைதான் கற்றுக்கொள்ள வேண்டும். அந்தக் கை இருக்கும்வரை, ஒரு மோசமான லேத்திலிருந்து அதைவிட நல்ல லேத் பிறந்துகொண்டே இருக்கும். சோதித்துப் பார்க்க விரும்புகிறவர்கள் லேத் கனவோடு தொடங்க வேண்டாம். உள்ளங்கை அளவில் மூன்று வார்ப்பிரும்புத் துண்டுகள், ஒரு டப்பா நீல மை, முனை தீட்டிய ஒரு பழைய அரம். இவ்வளவும் ஒரு பழைய இரும்புக் கடையில் முடிகிற செலவு. அ, ஆ, இ என்று பெயர் போட்டுக்கொண்டு ஆரம்பிக்கலாம்.